2023ஆம் ஆண்டு நைஜீரியா: லாகோஸுக்கு வரவிருக்கும் ஒரு தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு வணக்கம்.

ஓசூரில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் இன்ஜெக்ஷன் மோல்டிங் பிரிவில் வேலை பார்க்கும் உங்களுக்கு லாகோஸ் நகரை ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருப்பதாகவும், சம்பளத்தில் ஒரு பகுதி நைஜீரிய நாணயமான நைராவில் தரப்படும் என்று நியமனக் கடிதத்தில் இருப்பதாகவும், 2023இல் நைஜீரியாவில் நடந்தவற்றைப் படித்துவிட்டு உங்கள் அப்பா போகவே வேண்டாம் என்று சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். நோட்டு மாற்றம், தேர்தல், பெட்ரோல் விலையேற்றம், நாணய வீழ்ச்சி எல்லாம் ஒரே ஆண்டில் வந்த நாட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தினீர்கள், இப்போது வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆண்டு முழுவதும் லாகோஸில் இருந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வரலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் உங்கள் கடிதத்தில் தேர்தல் கலவரம் பற்றி ஒரு பத்தியே இருக்கிறது. நைராவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அந்த ஆண்டு எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையை மாற்றிப் போட்டது தேர்தல் அன்று, நைராதான். ஆகவே இந்தப் பதிலிலும் நைராவுக்கே அதிக இடம் தருகிறேன்.

முதலில் நோட்டு விவகாரம். மத்திய வங்கியின் அப்போதைய ஆளுநர் காட்வின் எமெஃபியேலே, 200, 500, 1,000 நைரா நோட்டுகள் புதிய வடிவில் வரும் என்று 2022 அக்டோபர் 26 அன்று அறிவித்தார். புழக்கத்தில் இருந்த 3.23 லட்சம் கோடி நைராவில் 2.73 லட்சம் கோடி வங்கிகளுக்கு வெளியே இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். பழைய நோட்டுகளை 2023 ஜனவரி 31க்குள் வங்கியில் செலுத்திவிட வேண்டும் என்றார்கள். பிறகு பிப்ரவரி 10 வரை நீட்டித்தார்கள். மக்கள் சொன்னபடியே பழைய நோட்டுகளைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். எடுக்கப் போனபோது புதிய நோட்டு இல்லை. 2016 நவம்பரில் நம் ஊரில் ஏடிஎம் வாசல்களில் நின்றவர்களுக்கு இந்தத் துன்பத்தை விளக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே இது தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது. அதே வாரங்களில் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது.

எங்கள் தொழிலாளர்களின் கூலி வங்கிக் கணக்கில்தான் போடப்பட்டது. கணக்கில் பணம் இருந்தது, ஆனால் டான்ஃபோ எனப்படும் மஞ்சள் வேனில் ஏறுவதற்குக் கையில் ரொக்கம் இல்லை. தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்து, வங்கி அட்டையைக் கருவியில் தேய்த்து ரொக்கம் தரும் பிஓஎஸ் முகவர்கள் 10,000 நைரா கொடுப்பதற்கு 2,000, சில நாட்களில் 3,000 நைரா வரை பிடித்துக்கொண்டார்கள். தம் சொந்தக் கூலியை வாங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால் அந்த மனிதர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதல் ஷிப்டுக்கு வருகிறவர்களில் பலர் விடியுமுன் புறப்பட்டு நடந்தே வந்தார்கள். நாங்கள் வாடகைக்கு ஒரு பேருந்து பிடித்து, முக்கியச் சாலைச் சந்திப்புகளில் ஆட்களை ஏற்றிவரச் செய்தோம். இல்லையென்றால் இயந்திரங்களை நிறுத்தியிருக்க வேண்டும்.

தொழிற்சாலை வாசலில் சோறும் பீன்ஸும் பொரித்த நேந்திரம்பழத் துண்டுகளும் விற்கும் ஓர் அம்மா உண்டு. அந்த வாரங்களில் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு கணக்கு எழுத ஆரம்பித்தார். சாப்பிட்டவர்கள் கைப்பேசியில் பணம் அனுப்புவார்கள். அவர்கள் கணக்கில் கழிந்துவிடும். ஆனால் அம்மாவின் கைப்பேசியில் வரவுச் செய்தி வராது. நாடே ஒரே நேரத்தில் கைப்பேசிக்கு மாறியதால் வங்கிகளின் கணினி அமைப்புகள் தாங்கவில்லை. செய்தி வரும் வரை தட்டைக் கையில் வைத்தபடி அவர் பக்கத்திலேயே நிற்பார்கள். சிலருக்கு மறுநாள்தான் வந்தது. ஒருவர்கூட அவரை ஏமாற்றிவிட்டு நகர்ந்ததை நான் பார்க்கவில்லை. அவரும் யாரையும் பசியோடு உள்ளே அனுப்பவில்லை. லாகோஸ்காரர்களைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பெனின் சிட்டி, வாரி முதலிய நகரங்களில் வங்கிக் கிளைகள் தாக்கப்பட்டன. கடுனா, கோகி, சம்ஃபாரா மாநில அரசுகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. பிப்ரவரி 8இல் நீதிமன்றம் காலக்கெடுவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் பிப்ரவரி 16 அன்று அதிபர் முகமது புஹாரி தொலைக்காட்சியில் தோன்றி, பழைய 200 நைரா நோட்டு மட்டும் ஏப்ரல் 10 வரை செல்லும் என்றார். மார்ச் 3இல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பில், மூன்று பழைய நோட்டுகளும் டிசம்பர் 31 வரை செல்லும் என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்த பிறகும் மத்திய வங்கி அறிவிக்கும் வரை, அதாவது மேலும் பத்து நாட்கள், கடைக்காரர்கள் பழைய நோட்டை வாங்கத் தயங்கினார்கள். வீட்டில் எப்போதும் ஒரு மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு, குடிநீர் வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்குள்ள இந்தியக் குடும்பங்களுக்கு முன்பே உண்டு என்பதால் எங்கள் அடுப்பு அணையவில்லை. நீங்களும் வந்தவுடன் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிடுங்கள்.

இனி உங்கள் அப்பா அஞ்சும் தேர்தல். அதிபர் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் பிப்ரவரி 25, சனிக்கிழமை நடந்தன. அன்று வாகனப் போக்குவரத்துக்குத் தடை. எப்போதும் ஹாரன் ஒலியில் நடுங்கும் எங்கள் சாலையில் பையன்கள் கல்லை வைத்து கோல் போஸ்ட் கட்டிக் கால்பந்து ஆடினார்கள். 9.3 கோடிப் பேர் வாக்காளர் பட்டியலில் இருந்தும் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 27 சதவீதம்தான். ஆளும் ஏபிசி கட்சியின் போலா டினுபு, எதிர்க்கட்சியான பிடிபியின் அத்திக்கு அபூபக்கர், லேபர் கட்சியின் பீட்டர் ஓபி ஆகிய மூவருக்கும் இடையே உண்மையான மும்முனைப் போட்டி இருந்தது. டினுபு ஆளுநராக இருந்து ஆண்ட லாகோஸ் மாநிலத்திலேயே ஓபி அதிக வாக்குகள் பெற்றது எல்லோரையும் திகைக்க வைத்தது. வாக்குச்சாவடி முடிவுகளை உடனுக்குடன் இணையத்தில் ஏற்றுவோம் என்று தேர்தல் ஆணையம் சொல்லியிருந்தும் அதிபர் தேர்தல் முடிவுகள் நேரத்தில் ஏறவில்லை. அதைப் பற்றிய மனக்கசப்பு எங்கள் தொழிலாளர்களிடம் நெடுநாள் இருந்தது. மார்ச் 1 அதிகாலையில், சுமார் 88 லட்சம் வாக்குகளுடன் டினுபு வென்றதாக அறிவிக்கப்பட்டது.

அதைவிட மார்ச் 18இல் நடந்த ஆளுநர் தேர்தலின்போதுதான் லாகோஸில் பதற்றம் அதிகம். டினுபு யோருபா இனத்தவர், ஓபி இக்போ இனத்தவர். அதிபர் தேர்தல் முடிவுக்குப் பிறகு அந்த இரு இன மக்களிடையே வேண்டாத பேச்சுகள் கிளம்பின. சில பகுதிகளில் வாக்காளர்கள் மிரட்டப்பட்டார்கள். அன்று குடியிருப்பு வளாகத்தின் வாயிலைப் பூட்டிக்கொண்டு நாங்கள் உள்ளேயே இருந்தோம். மறுநாள் திறந்தார்கள், திங்கட்கிழமை இரண்டு இனத்தாரும் ஒரே இயந்திரத்தில் நின்று வேலை செய்தார்கள். தேர்தல் தேதி முன்கூட்டியே தெரியும். அன்று வெளியே போகாமல் இருக்கலாம். தொழிற்சாலையில் எந்தக் கட்சியைப் பற்றியும் எந்த இனத்தைப் பற்றியும் வாய் திறக்காமல் இருக்கலாம். வெளிநாட்டுக்காரன் தற்காத்துக்கொள்ள இவ்வளவு போதும்.

மே மாதம் மகிழ்ச்சியாகவே தொடங்கியது. ஹில்டா பாசி என்ற இளம்பெண் லாகோஸின் லெக்கி பகுதியில் மே 11 முதல் 15 வரை தொடர்ந்து சமைத்துக்கொண்டிருந்தார். லாகோஸ் முழுவதும் அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கின்னஸ் அவருக்கு 93 மணி 11 நிமிடம் என்று உலகச் சாதனையை உறுதி செய்தது. மே 22 அன்று நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய் திறன் கொண்ட டாங்கோட்டே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை புஹாரி திறந்து வைத்தார். ஆனால் எண்ணெய் வளமுள்ள இந்த நாடு அன்றும் பெட்ரோலை இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தது. அந்த ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 2024 ஜனவரியில்தான்.

மே 29 அன்று பதவியேற்பு உரையில் டினுபு, பெட்ரோல் மானியம் முடிந்துவிட்டது என்றார். முந்தைய அரசே 2023ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களுக்கு மட்டும்தான் மானியத்துக்கு 3.36 லட்சம் கோடி நைரா ஒதுக்கியிருந்தது என்பதால் இது எப்படியும் வரவிருந்த முடிவு. எனினும் அன்று மாலையே பங்க்குகளில் வரிசை நீண்டுவிட்டது. லிட்டர் 190 நைராவை ஒட்டி இருந்த பெட்ரோல், இரண்டே நாளில் லாகோஸில் 488 ஆனது. ஜூலை நடுவில் 568 ஆனது. இங்கே பெட்ரோல் விலை என்றால் கார் வைத்திருப்பவர்களின் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். மின்சாரம் நாளில் சில மணி நேரம்தான் வரும். சிறு கடை, முடி திருத்தகம், தையற்கடை எல்லாம் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரில் ஓடுகின்றன. வேன் கட்டணம் இரட்டிப்பானது. அப்போது சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மாதம் 30,000 நைரா. 2024 ஜூலையில்தான் அதை 70,000 ஆக்கினார்கள். இடைப்பட்ட அந்த ஓராண்டுக்கு மேலான காலத்தை ஒரு தொழிலாளர் குடும்பம் எப்படிக் கடந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். வேறு வேறு ஊரிலிருந்து வந்த நான்கு பேர் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, வார நாட்களில் அங்கே தங்கி, சனிக்கிழமை மட்டும் பிள்ளைகளைப் பார்க்கப் போனார்கள். எங்கள் நிர்வாகம் போக்குவரத்துப் படி கொடுத்தது. கொடுத்தது போதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது நைராவுக்கு வருகிறேன். ஜூன் 9 அன்று எமெஃபியேலே பதவியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். ஜூன் 14 அன்று மத்திய வங்கி, அதுவரை பல அடுக்குகளாக வைத்திருந்த அந்நியச் செலாவணி விகிதங்களை ஒன்றாக்கி, சந்தையே விலையைத் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டது. சாலையில் ஊர்வலம் இல்லை, வாகனத் தடை இல்லை, ஊரில் இருந்து யாரும் பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்கவும் இல்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 461 நைரா என்று இருந்த அதிகாரபூர்வ விகிதம் டிசம்பர் கடைசியில் 907 ஆகியிருந்தது. வெளிச்சந்தையில் சுமார் 1,200. 2024இல் அதிகாரபூர்வ விகிதமே 1,500ஐத் தாண்டியது.

உங்களுக்குப் புரியும்படி கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நைராப் பகுதியாக மாதம் 4 லட்சம் நைரா என்று ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியில் அது சுமார் 868 டாலர். அதே ஆண்டு இறுதியில் 441 டாலர். 1,500 என்ற விகிதத்தில் 267 டாலர்தான். நியமனக் கடிதத்தில் ஓர் எழுத்து மாறவில்லை, நிறுவனம் ஒரு மாதம்கூடச் சம்பளத்தை நிறுத்தவில்லை, ஆனாலும் பணத்தின் மதிப்பு மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விட்டது. ஊரில் வீட்டுக் கடன் வாங்கிவிட்டு, நைராவைச் சேர்த்து டாலராக மாற்றி அனுப்பித் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஆண்டு பட்ட பாடு சொல்லி முடியாது. அதற்கு முன்பே, அதிகாரபூர்வ விகிதத்தில் டாலர் கேட்டு வங்கியில் விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. வெளிநாட்டு விமான நிறுவனங்களே தங்கள் டிக்கெட் வருமானத்தை வெளியே கொண்டுபோக முடியாமல் நின்றன என்றால் தனிமனிதர் எம்மாத்திரம்.

இது உங்கள் வேலையையும் தொடும். போர்ட் ஹார்கோர்ட் பக்கத்தில் எலெமேயில் இன்டோரமா ஆலை பிளாஸ்டிக் மூலப்பொருட்களான பாலிஎதிலீனும் பாலிபுரொப்பிலீனும் தயாரிக்கிறது. ஆனாலும் அதன் விலை டாலரைப் பின்பற்றியே ஏறும். நிறமிகள், அச்சுகள், இயந்திர உதிரிபாகங்கள் எல்லாம் இறக்குமதி. டாலர் கிடைக்காத மாதங்களில் பிளாஸ்டிக்கை உருக்கச் சூடேற்றும் ஒரு ஹீட்டர் பேண்டுக்காக இயந்திரம் நின்றதுண்டு. ஆகவே பழைய உதிரிபாகத்தைச் சீர்செய்து ஓட்டத் தெரிந்த ஆளுக்கு இங்கே மதிப்பு அதிகம். ஓசூரில் கற்றுக்கொள்ள வாய்ப்பிருக்கும்போதே ஹைட்ராலிக், மின்கட்டுப்பாட்டுப் பகுதிகளையும் கற்றுக்கொண்டு வாருங்கள். பெரிய நிறுவனங்களும் தாக்குப்பிடிக்கவில்லை. மருந்து நிறுவனமான ஜிஎஸ்கே ஆகஸ்டில் வெளியேறுவதாக அறிவித்தது. சோப்பு, டயபர் போன்ற வீட்டுப் பொருள்கள் செய்யும் பி அண்ட் ஜி டிசம்பரில், இனி இங்கே உற்பத்தி செய்யாமல் இறக்குமதி மட்டும் செய்யப்போவதாகச் சொன்னது.

விலைவாசி ஜனவரியில் 21.82 சதவீதம் என்ற பணவீக்கத்திலிருந்து டிசம்பரில் 28.92 சதவீதத்துக்குப் போனது. இங்கே மக்கள் விரும்பி உண்பது புழுங்கல் அரிசி. ஆகஸ்டில் இந்தியா புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி விதித்தபோது மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகள் எல்லாமே அதை உணர்ந்தன. மரவள்ளிக்கிழங்கிலிருந்து செய்யும் காரிதான் ஏழைகளின் கடைசி நம்பிக்கை. அதன் விலையும் ஏறியது. உணவுப் பாதுகாப்பு நெருக்கடிநிலையை ஜூலையிலேயே அதிபர் அறிவிக்க வேண்டியதாயிற்று.

மற்றவை பெரிய செய்திகளே என்றாலும் எங்கள் அன்றாடத்தை அதிகம் தொடவில்லை. ஜூலை 26இல் பக்கத்து நாடான நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, எல்லை மூடப்பட்டது, ஊரில் நைஜரையும் நைஜீரியாவையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு உறவினர்கள் அழுதபடி பேசினார்கள். மறுநாள் மகளிர் கால்பந்து உலகக் கோப்பையில் நைஜீரிய அணியான சூப்பர் ஃபால்கன்ஸ் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றபோது, ஒரு கைப்பேசியைச் சுற்றி இருபது பேர் நின்று கூவியதை நான் தடுக்கவில்லை. அந்த மக்களுக்கு அந்த மகிழ்ச்சி வேண்டியிருந்தது. செப்டம்பரில் டினுபு புதுதில்லியில் ஜி20 மாநாட்டுக்குப் போனார். செப்டம்பரிலும் நவம்பரிலும் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அக்டோபர் 26இல் டினுபுவின் வெற்றியை எதிர்த்த தேர்தல் வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆகவே தம்பி, கையொப்பமிடும் முன் நிறுவனத்திடம் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். முழுச் சம்பளமும் டாலரில் நிர்ணயிக்கப்பட்டு, இந்தியக் கணக்கில் வரவு வைக்கப்படுமா என்பது முதற்கேள்வி. முடியாது, ஒரு பகுதி நைராதான் என்றால், அந்தப் பகுதி டாலர் மதிப்பில் குறிக்கப்பட்டு, சம்பள நாளன்று உள்ள விகிதத்தில் நைராவாக மாற்றித் தரப்படும் என்ற வாசகம் வேண்டும். எந்த விகிதம் என்பதும் எழுதப்பட வேண்டும், ஏனென்றால் இங்கே விகிதம் என்றால் ஒன்றல்ல. உள்ளூர்ச் செலவுக்கு வேண்டிய அளவுக்குமேல் நைராவைச் சேர்த்து வைக்காதீர்கள். வீடு, ஜெனரேட்டர் டீசல், காவல், வாகனம் ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பா என்று கேளுங்கள். டீசலை நீங்களே வாங்க வேண்டும் என்றால் அது சம்பளத்தில் பெரிய ஓட்டை. ஊருக்குப் போய்வர விமானக் கட்டணம் டாலரில் ஏறும் என்பதால் அதையும் தொகையாக அன்றி டிக்கெட்டாகத் தரச் சொல்லுங்கள்.

நிறுவனத்துக்கு வெளிநாட்டவரை அமர்த்தும் ஒதுக்கீடு இருக்க வேண்டும். வேலைக்கான விசாவில் வந்து, பிறகு குடியிருப்பு அட்டை எடுத்துத் தருவது அவர்கள் கடமை. சுற்றுலா அல்லது வணிகப் பயண விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் வராதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டுக்கொண்டு அந்தச் சான்று அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் இங்கிருந்து இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். மலேரியா வரும், காய்ச்சல் கண்ட அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தை அழைத்துவர எண்ணினால் இலுப்பேஜு பகுதியில் இந்தியப் பள்ளி இருக்கிறது, நம்மவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் ஆண்டு தனியாக இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்களுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு நைஜீரியர்கள் வேலை செய்வார்கள். காலையில் அவர்கள் பெயர் சொல்லி வணக்கம் கூறி, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்ட பிறகுதான் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். அது இந்த ஊர் மரியாதை. தாமதமாக வந்தவரைக் கடிந்துகொள்ளுமுன் அன்று வேன் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். நைரா விழுந்தபோது நமக்குச் சேமிப்பு குறைந்தது. அவர்கள் வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு குறைந்தது. அதை மனத்தில் வைத்து நடந்துகொள்கிறவரை இங்கே யாரும் கைவிடமாட்டார்கள்.

நியமனக் கடிதத்தில் உங்கள் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்துவிட்டுச் சம்பளப் பத்தியை மட்டும் அனுப்புங்கள். வாசகத்தைப் பார்த்துவிட்டு, என்ன திருத்தம் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன். அதுவரை கையொப்பமிட வேண்டாம்.